ஆத்தாளை வில்லியாக்கியவள்

பானுமதி பகலெல்லாம் சாமைக்கு உமி நீக்குவாள். மதியச் சோற்றுக்குப் பிறகு அரை மணி நேரம் சாமியைத் திட்டுவாள். இரண்டும் நடந்தது ஒரே இடத்தில்தான். கொல்லிமலையில் பைல் நாட்டுப் பக்கம், ஊர்க்கடைசியில் மகளிர் குழுவுக்காகக் கட்டிய தகரக் கொட்டகை அது. மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அது நின்றதும் மற்றப் பெண்கள் தூக்குப்போசியைத் திறந்துவைத்துக்கொண்டு ஊர்க்கதை பேச உட்காருவார்கள். பானுமதி மட்டும் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தலைமுடியில் ஒட்டிய தவிட்டைக்கூடத் தட்டாமல், கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பலாமரத்தடிக்கு ஓடிவிடுவாள். செல்போனுக்குச் சிக்னல் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும்.

யாரோ ஒரு பையனோடு பேசப் போகிறாள் என்று பெண்கள் நினைத்தார்கள். பேசியிருந்தால்கூடத் தேவலாம். அவள் கதை எழுதினாள். அதுவும் எப்படிப்பட்ட கதை! முனியைக் காதலிக்கும் ஒரு பெண்ணின் கதை.

கீழே காலேஜில் பி.ஏ. படித்த காலத்தில் விடுதி அறைத் தோழிகள் போனில் விழுந்து விழுந்து படித்ததெல்லாம் இந்த மாதிரிக் கதைகள்தான். ரத்தம் குடிக்கிற அழகன்கள், சாபம் பிடித்த இளவரசர்கள், அவர்களைக் காதலித்தே மனிதனாக்கிவிடுகிற பதினேழு வயதுப் பெண்கள். பானுமதியும் படித்தாள், பிடித்தும் இருந்தது. ஒரே ஒரு குறைதான். எல்லாம் பனி பெய்கிற சீமையில், மாளிகைகளில் நடந்தன. நம்ம மலை முனி மட்டும் என்ன இளப்பமா என்று அவளுக்கு ஒரு கோபம் இருந்தது. அவளுக்கு எதற்கெடுத்தாலும் முதலில் வருவது கோபம்தான். அழுகை, யோசனை எல்லாம் அதற்கப்புறம் வரிசையில் வரும்.

தொடர்கதை படிக்கிற ஒரு செயலியில், வேறு பெயரில், வாரம் ஒரு அத்தியாயமாக அவள் எழுதிய கதைக்கு ‘ஆணிமரம்’ என்று பெயர். காட்டுத் தெய்வமான கருநாயகி ஒரு முனியைப் பெரிய மரத்தில் ஆணியடித்து நிறுத்தியிருக்கிறாள். அவன் பெயர் ருத்ரேஷ். அந்தத் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட பெண் நிலவினி. அவள் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்குகிறாள். ஆணி ஒன்று கழன்றால் முனிக்கு மனித உடம்பு கொஞ்சம் திரும்பும். ஊரில் ஓர் உயிர் போகும். மலை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் நிலவினி, ருத்ரேஷ் என்று யாரும் அகப்பட மாட்டார்கள். அது பானுமதிக்கும் தெரியும். ஆனால் ராசு என்று முனிக்குப் பெயர் வைத்தால் எந்தப் பெண்பிள்ளை ஏங்கிக்கொண்டு படிப்பாள்?

ஏங்கிக்கொண்டுதான் படித்தார்கள். திருச்சி, ஈரோடு, திண்டுக்கல் என்று எங்கெங்கோ இருந்து, பிளஸ் ஒன் படிக்கிறவர்களும் காலேஜ் போகிறவர்களும். கருநாயகிமேல் அவர்களுக்கு அப்படி ஒரு ஆத்திரம். காதல் வாடை அடித்தாலே பொறுக்காத சாமி அவள். இரக்கம் என்றால் என்னவென்றே அறியாதவள். “இந்தச் சாமியைக் கொன்னுடுங்க அக்கா” என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் கேட்டார்கள்.

எழுதும்போது பானுமதிக்கும் அந்த ஆத்திரம்தான். எழுதி முடித்து மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது கதையே வேறு. பாதை திரும்புகிற இடத்தில் மேலக்காட்டாயி கோயிலின் ஓட்டுக்கூரை தெரியும். அங்கே நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வாள். “தாயே, அது கதை, மனசுல வெச்சுக்காதே” என்பாள். வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோவாள். அந்த வார அத்தியாயத்தில் எவ்வளவு திட்டியிருக்கிறாளோ அவ்வளவு எண்ணெய். மகளுக்கு வந்த பக்தியைப் பார்த்து அவள் அம்மா பொன்னாயிக்குப் பெருமை தாங்கவில்லை.

கருநாயகி யார் என்று மலைக்காரர் ஒருவர் படித்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார். மேலக்காட்டாயிதான். பானுமதிக்கு அவள்மேல் தீராத ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதற்குக் காரணம் மணிவண்ணன்.

மணிவண்ணன் அதே ஊர்க்காரன், நாச்சிமுத்துவின் மகன். சின்ன லோடு வண்டி ஓட்டினான். மலையிலிருந்து மிளகும் மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம் இறங்குவான். போகிற வழியில் கொட்டகையில் தயாரான சாமை அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொள்வான். வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிற ஆள். ஒரு வாரத்தில் அவன் பேசுவதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒருநாள் மூட்டை ஏற்றும்போது பானுமதி தூசியில் இருமிக்கொண்டிருந்தாள். அடுத்த முறை வரும்போது மூக்குக்கும் வாய்க்கும் கட்டுகிற மாஸ்க் ஒரு கட்டு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். “தூசு” என்றான். அவ்வளவுதான், போய்விட்டான். பக்கம் பக்கமாகக் காதல் வசனம் படித்தவள் பானுமதி. அந்த ஒற்றைச் சொல்லில் விழுந்துவிட்டாள்.

அவர்கள் காதலுக்கு எதிரிகள் யாரும் இல்லை. முறைதான், இரண்டு வீட்டுக்கும் சம்மதம்தான். நாச்சிமுத்து வந்து பெண் கேட்டார். பானுமதியின் அப்பா செல்லமுத்து சரி என்றார். பூ கேட்பது ஒன்றுதான் பாக்கி.

அந்த ஊரில் பூ கேட்காமல் எதையும் தொடங்க மாட்டார்கள். விதைப்பாகட்டும், வீடு கட்டுவதாகட்டும், கல்யாணமாகட்டும், ஆத்தாளைத்தான் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துக் கட்டி, எது எதுவென்று தெரியாதபடி கலந்து, பூசாரி ஆத்தாள் காலடியில் போடுவார். பெண்ணைப் பெற்றவர் சொல்கிற கேள்வியைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லுவார். கூட்டத்தில் இருக்கிற சின்னக் குழந்தை ஒன்று ஒரு மடிப்பை எடுக்கும். வெள்ளை என்றால் சரி. சிவப்பு என்றால் வேண்டாம். கட்டிக்கொள்ளப் போகிற பெண் அந்த இடத்துக்குப் போகக் கூடாது. வீட்டில் காத்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் சித்திரைக் கடைசியில் பானுமதியும் புதுச்சேலை கட்டிக்கொண்டு வீட்டில் காத்திருந்தாள். அப்பா திரும்பி வந்து தோள் துண்டை உதறிக் கொடியில் போட்டார். “செவப்பு வந்துருச்சு கண்ணு. ஆத்தா வேண்டாங்கறா” என்றார். பொன்னாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பானுமதி அழவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

ஓடிப்போகலாம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இதைக் கேட்டால் கீழே இருக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் இருவரும் சோறு தின்னப் பழகிய நாளிலிருந்து ஆத்தாளை நம்பி வளர்ந்தவர்கள். தாய் வேண்டாம் என்றால் ஏதோ ஒன்று இருக்கிறது. அதை மீறிக் கட்டிக்கொண்டு, பிறகு அவனுக்கு வண்டியில் ஒன்று ஆகிவிட்டால்? அந்த எண்ணமே இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு மணிவண்ணன் அவள் சோறு தின்கிற நேரமாகப் பார்த்து வந்து மூட்டை ஏற்றிக்கொண்டு போனான். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே சொல்ல முடியாத ஆத்திரத்தை எங்கேயாவது கொட்ட வேண்டுமே. அப்படிப் பிறந்தவள்தான் கருநாயகி.

இப்படியே அடுத்த வருஷமும் ஓடி, அதற்கடுத்த ஆனி மாசம் பிறந்தது. ஒரு மத்தியானம் பலாமரத்தடிக்கு ருக்குமணி வந்து நின்றாள். மணிவண்ணனின் தங்கை, நாமக்கல்லில் காலேஜ் படிக்கிறவள். பெண் கேட்டு வந்த புதிதில் பானுமதியை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டவள், சிவப்புப் பூ வந்த பிறகு அக்காவுக்குத் திரும்பியிருந்தாள்.

“ஆணிமரம் எழுதறது நீங்கதானுங்க அக்கா?”

பானுமதி போனைச் சேலைத் தலைப்பில் மறைத்தாள். “எந்த மரம்?”

“சும்மா மறைக்காதீங்க. நிலவினி இருமறா. அந்த முனி ‘தூசு’ங்கறான். அன்னைக்கு எங்கண்ணனுக்கு அந்த மாஸ்க் வாங்கிக் குடுத்ததே நான்தான். எங்க ஹாஸ்டல்ல அத்தனை பேரும் அந்த முனிக்காக உசுரை உடறாளுங்க. அது எங்கண்ணன்னு தெரிஞ்சா மயக்கம் போட்டு உழுந்துருவாளுங்க.”

பானுமதிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று ருக்குமணியின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். ருக்குமணி சத்தியம் செய்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். முள்ளுக்குறிச்சியில் மணிவண்ணனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். அடிவாரத்துக்கு இறங்கிப்போன சொந்தம், நல்ல பெண். ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் அவசரப்படுகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நாச்சிமுத்து போய் வாக்குக் கொடுக்கப் போகிறார்.

“உங்கண்ணன் என்ன சொல்லுச்சு?”

“எங்கண்ணனா? அது என்னைக்கு என்ன சொல்லிச்சு? சோத்துல கையை வெச்சுக்கிட்டே உக்காந்திருக்குது” என்றாள் ருக்குமணி. கிளம்புகிறவள் நின்று, வாசகியாக ஒரு சண்டையும் போட்டாள். “ஏனுங்க அக்கா, கருநாயகிக்கு அந்தப் புள்ளை மேல அப்படி என்னதான் கோபம்? எதுக்காக வேண்டாங்கறா? காரணமே சொல்லாம எத்தனை வாரத்துக்கு ஓட்டுவீங்க? எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்கறாங்க.”

அன்று முழுக்க மெஷின் சத்தத்துக்கு நடுவில் அந்தக் கேள்வி பானுமதியைக் குடைந்தது. முள்ளுக்குறிச்சியை நினைக்காமல் இருப்பதற்காகக் கதையை நினைத்தாள். கருநாயகி நிலவினியை மறுத்த அந்த நாளை எழுத வேண்டும். நிலவினியின் தகப்பன் கேட்க, சாமி மறுக்க, அந்தக் காட்சியில் படிக்கிறவர்களின் ஈரக்குலை நடுங்க வேண்டும். ஆனால் பூ கேட்கிற இடத்தில் என்ன பேசுவார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. அவளைத்தான் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்களே.

மாலையில் செல்லமுத்து வாசலில் காயவைத்த மிளகைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். பானுமதி பக்கத்தில் உட்கார்ந்து தானும் அள்ளினாள். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“அப்பா, அன்னைக்கு எனக்குப் பூ கேட்டீங்களே, ஆத்தாகிட்ட என்னன்னு கேட்டீங்க?”

“எதுக்கு இப்ப அந்தப் பேச்சு?”

“சும்மாதான் சொல்லுங்களேன். என்ன வார்த்தை சொன்னீங்க?”

அவருக்கு மறந்திருக்கவில்லை. மகளுக்காகக் கேட்டது மறக்குமா? “‘தாயே, எம்மகளுக்கும் நாச்சிமுத்து மகனுக்கும் இந்த வைகாசியில முகூர்த்தம் வெக்கட்டுமா’ன்னு கேட்டேன். பூசாரி அதையேதான் சொன்னாரு. செவப்பு வந்துச்சு.”

பானுமதியின் கை மிளகிலேயே நின்றுவிட்டது.

“வைகாசியிலயா?”

“ஆனி பொறந்தா வெதைப்பு வந்துருமில்ல? அதுக்கு முன்னால முடிச்சுப்போடலாம்னு.”

“அவரைக் கட்டிக்கலாமான்னு கேக்கலீங்களா?”

“அதுவும் அதுலயே அடக்கம் கண்ணு.”

“எப்படிங்க அடக்கம்?” அவள் எழுந்தே விட்டாள். “வெதைக்கறதுக்குப் பூ கேக்கறீங்க. வெள்ளிக்கிழமை வெதைக்கட்டுமான்னு கேட்டுச் செவப்பு வந்தா என்ன பண்ணுவீங்க? காட்டைத் தரிசாப் போட்டுருவீங்களா?”

“அது எப்படி? அடுத்த நாளைக்குக் கேப்போம்.”

“அப்ப எனக்கு மட்டும் ஏனுங்க கேக்கலை?”

சாமைக்கும் கேழ்வரகுக்கும் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற காரியம், மகளின் கல்யாணத்துக்குச் செல்லமுத்துவின் புத்தியில் தட்டவே இல்லை. அவர் புத்தியில் மட்டுமா? கோயிலில் நின்ற அத்தனை பேரும் சிவப்பைப் பார்த்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பெண் விஷயம் என்றால் பயம் முதலில் வந்துவிடுகிறது, பயம் வந்த இடத்தில் பழக்கம் மறந்துவிடுகிறது. பானுமதிக்கு அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சாக்கின் வாயைப் பிடித்தபடியே நின்றார், கண் கலங்கியிருந்தது.

பானுமதி பூசாரி சின்னக்கண்ணுவிடம் போய்க் கேட்டாள். அவரும் அதையேதான் சொன்னார். “உங்கப்பன் வைகாசின்னான், நானும் வைகாசின்னேன். கேக்கறவங்க சொல்றதை ஆத்தா காதுல போடறது ஒண்ணுதான் கண்ணு எம்பட வேலை.”

கோயில் கதவு அப்போது சாத்தியிருந்தது. பானுமதி வாசற்படியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளாக வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. ஆத்தாள் அவளை மறுக்கவே இல்லை. ஒரு மாசத்தைத்தான் மறுத்தாள். அதற்குப் போய் அவளைக் கொடுமைக்காரியாக்கி, ஊர் பேர் தெரியாத பெண்பிள்ளைகளை எல்லாம் கூட்டிவைத்து வாரா வாரம் வைது தீர்த்திருக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்கு நடுவில், சொல்லவே கூச்சமாக, ஒரு சந்தோஷமும் இருந்தது. அந்த வாரம் ‘ஆணிமரம்’ வரவில்லை. கருநாயகியை இனி என்ன செய்வது என்று எழுதியவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் அம்மாதான் தயங்கினாள். “இன்னொருக்காக் கேட்டு, அதுவும் செவப்பா வந்துட்டா என்ன கண்ணு பண்ணுவே? இப்பவாவது ஆத்தா உன்னை வேண்டாங்கலைன்னு இருக்குது” என்றாள் பொன்னாயி. பானுமதியிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதை முதலில் கேட்க வேண்டிய ஆள் வேறு.

மறுநாள் மணிவண்ணன் வழக்கம்போலச் சோற்று நேரம் பார்த்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பானுமதி தூக்குப்போசியை மூடிவிட்டு நேராக அவனிடம் போனாள். உள்ளே பெண்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் குரலைத் தணிக்கவும் இல்லை. நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டே கேட்டான். பிறகு இறக்கி வைத்தான்.

“மறுபடியும் கேட்டு, ‘அவனை வேண்டாம்’னு வந்துட்டா?” என்றான். “என்னால மீற முடியாது பானு. உன்னை உடவும் முடியாது. அதைக் கேக்காமயே இருந்தர்லாம்.”

“ஆளைக் கேக்க வேண்டாம். ஆத்தா என்னைக்கு ஆளை வேண்டாம்னா? மாசத்தைத்தானே வேண்டாம்னா? நாமளும் மாசத்தையே கேப்போம். ஆவணிக்குக் கேப்போம். அது இல்லீன்னா ஐப்பசி. அதுவும் இல்லீன்னா கார்த்திகை.”

“அது ஆத்தாளை ஏமாத்தற மாதிரி இல்லையா?”

பானுமதி யோசித்துத்தான் பதில் சொன்னாள். இரவெல்லாம் இதைத்தான் யோசித்திருந்தாள். “ஆத்தா ‘இவனே வேண்டாம்’னு நெனைச்சாள்னா, ஒவ்வொரு மாசத்துக்கும் செவப்பே குடுக்கட்டும். நாம கெழடாகற வரைக்கும் குடுக்கட்டும். அது வரைக்கும் கேக்கலாமில்ல? பெத்த தாய்கிட்ட ஒருக்காக் கேட்டு இல்லீன்னா, புள்ளை கேக்கறதை உட்டுருமா? கால்ல உழுந்து பொரண்டு கேக்காதா? அவளை மீற வேண்டாமுங்க மாமா. கேட்டுக்கிட்டே இருப்போம்.”

அவன் இறக்கிய மூட்டையைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். “அப்பன்கிட்டப் பேசறேன்” என்றான். கொட்டகைக்குள் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

அவன் எப்படிப் பேசினான், என்ன பேசினான் என்று ருக்குமணி வந்து ஒப்பித்தாள். நாச்சிமுத்து குதித்திருக்கிறார். முள்ளுக்குறிச்சிக்காரர்களிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேனே என்று கத்தியிருக்கிறார். கடைசியில் மகன் சாப்பிடாமல் எழுந்து போனதைப் பார்த்து ஒரு படி இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஆவணிக்குப் பூ கேட்கட்டும். வெள்ளை வந்தால் பானுமதிதான் மருமகள். சிவப்பு வந்தால் அதே கையோடு முள்ளுக்குறிச்சிக்குப் பஸ் ஏறிவிடுவேன். அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது.

“எங்கண்ணன் அதுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா? ‘செரி’ன்னுச்சு. போங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் ருக்குமணி.

பானுமதிக்குத் திக்கென்றது. மாசாமாசம் கேட்போம் என்று அவள் சொன்னது அவன் மனதில் எவ்வளவு தூரம் இறங்கியது என்று தெரியவில்லை. ஒரே ஒரு பூவில் வந்து நின்றுவிட்டது காரியம்.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் காத்திருக்கவில்லை. பெண் வரக் கூடாது என்பது வழக்கம்தான். ஆனால் போன தடவை வீட்டில் உட்கார்ந்திருந்ததால் வந்த வினையைத்தான் பார்த்தோமே என்று அவள் சொன்னபோது செல்லமுத்து தடுக்கவில்லை. கோயிலுக்குள் நுழையாமல், மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில், பார்வைக்குத் தெரிகிற தூரத்தில் அவளும் ருக்குமணியும் நின்றார்கள். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். கொட்டகைப் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டே வந்திருந்தார்கள்.

செல்லமுத்து இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். “தாயே, எம்மகளுக்கும் நாச்சிமுத்து மகனுக்கும் ஆவணியில முகூர்த்தம் வெக்கட்டுமா?” சின்னக்கண்ணு அதைத் திருப்பிச் சொல்லி, இரண்டு மடிப்புகளையும் ஆத்தாள் காலடியில் போட்டார். தாயின் இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட ஒரு பெண்குழந்தை தத்தித் தத்திப் போய் ஒன்றை எடுத்தது. கொடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. யாரும் சிரிக்கவில்லை. பூசாரி கெஞ்சி வாங்கி இலையைப் பிரித்தார்.

சிவப்பு.

பொன்னாயி ஐயோ என்றது மரத்தடி வரைக்கும் கேட்டது. கூட்டம் அன்றைக்குப் போலவே தலையைத் தொங்கப் போட்டது. செல்லமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அவ்வளவுதான், ஆத்தா ரெண்டாந்தடவையும் சொல்லிப்போட்டா. நான் பஸ்சுக்குப் போறேன்” என்றார்.

பானுமதிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஐப்பசிக்குக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ருக்குமணி வேறு, “சொல்லுங்க, சொல்லுங்க” என்று கையைப் பிடித்து உலுக்கினாள். பானுமதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியதை எல்லாம் இதுவரை அவளே சொல்லியாயிற்று. இதையும் அவளே சொன்னால், வாழ்நாள் முழுக்க அவளேதான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவன் நம்பினானா இல்லையா என்று இந்த ஒரு இடத்தில் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மணிவண்ணன் ஆத்தாளைப் பார்த்தபடி கைகட்டி நின்றான். நாச்சிமுத்து நடக்கத் தொடங்கினார். அவன் அசையவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பூசாரிங்க” என்று மணிவண்ணன் கூப்பிடுவது கேட்டது. “அடுத்த வெள்ளிக்கு வாரேனுங்க. ஐப்பசிக்குக் கேக்கோணும்.”

நாச்சிமுத்து நின்றார். திரும்பினார். “டேய், நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?”

“தெரிஞ்சுதானுங்க. ஆத்தா ஆவணி வேண்டாங்கறா. சரிங்க. ஆவணி வேண்டாம்.” ஆத்தாளைப் பார்த்துக் கைகூப்பினான். “ஐப்பசி இல்லீன்னா கார்த்திகைக்குக் கேப்பேனுங்க. தைக்குக் கேப்பேனுங்க. அவ குடுக்கற வரைக்கும் வருவேனுங்க.”

அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு வார்த்தைகள் வந்து அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. நாச்சிமுத்து பூசாரியைப் பார்த்தார். பூசாரி சிவப்புப் பூவை ஆத்தாள் காலடியில் வைத்துவிட்டு, “கேக்கறதுக்கு என்னைக்கும் தடை இல்லீங்க” என்றார். நாச்சிமுத்துவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

“அப்ப முள்ளுக்குறிச்சிக்காரங்களுக்கு நான் என்னடா பதில் சொல்றது?”

மணிவண்ணன் மரத்தடியில் நின்றவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

“பொண்ணு கெடைச்சுப்போச்சுன்னு சொல்லுங்கப்பா. மாசந்தான் இன்னும் கெடைக்கலைன்னு சொல்லுங்க.”